மசாஃபி மலையில் சாமுராய்களோடு

துபாய் சத்வாவில் எங்கள் கட்டடத்து வாசலில் வேன் வந்து நின்றபோது பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. டிசம்பர் மாதம். ஸ்வெட்டர் போட்டிருந்தும் குளிரெடுத்தது. நான் வேலை பார்த்த கிளினிக்கில் முந்தின நாள் மாலைதான் சொன்னார்கள்: ஜப்பான்காரர்கள் மலையில் சினிமா எடுக்கிறார்கள், வாள் சண்டை, குதிரையெல்லாம் இருக்கிறது, காயம் பட்டால் பார்க்க ஒரு நர்ஸ் வேண்டும், நீ போ. அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. குதிரையிலிருந்து விழுந்து கழுத்து எலும்பு முறிந்த ஒருவரை நாகர்கோவிலில் படிக்கும்போது பார்த்திருக்கிறேன். அதே நினைப்பாக இருந்தது. படம் எடுக்கும் மலைப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லை என்பதும் தெரியும்.

வேன் ஓட்டியவர் முருகேசன் அண்ணன், பரமக்குடிப் பக்கம். துபாய்க்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"முதலுதவிப் பெட்டி பெருசாத்தான் இருக்கு சிஸ்டர். சண்டை நிஜமாவே போடுவாங்கன்னு நினைச்சீங்களோ?"

"தெரியலையே அண்ணே. எனக்கும் பயமாத்தான் கிடக்கு."

"நான் ஒரு வாரமா இவங்களுக்குத்தான் ஓட்டுறேன். ஒருத்தனும் சாகல, பயப்படாதீங்க" என்று சிரித்தார்.

ஷார்ஜாவைத் தாண்டி அல் தைத் வழியாகப் போனோம். துபாயிலிருந்து மசாஃபி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அல் தைத் வரை சிவப்பு மணல், ஒட்டகம் கடக்கும் என்று எச்சரிக்கும் பலகைகள். அதற்கப்புறம் மணல் மெல்ல முடிந்து கல் தொடங்குகிறது. பிறகு திடீரென்று மலை. நம் ஊர் மலையை மனதில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. ஒரு மரம், ஒரு புல் கிடையாது. எரிந்து முடிந்த கரியின் நிறத்தில், உடைத்துப் போட்டதுபோல நிற்கிறது.

மசாஃபியில் சாலையோரச் சந்தை. கம்பளங்களும் மண்பானைகளும் ஊதின பிளாஸ்டிக் பொம்மைகளும் தொங்குகின்றன. மலையாளி கடையில் பரோட்டா ஒரு திர்ஹாம், டீ அரை திர்ஹாம். சாப்பிடும்போது அண்ணன் வாசலுக்குப் போய் வடக்குப் பக்கம் பார்த்துவிட்டு வந்தார்.

"அங்கிட்டு மேகம் கட்டியிருக்கு" என்றார்.

படப்பிடிப்பு நடந்த இடம் ஒரு வாதி. மலைகளுக்கு நடுவே காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகையை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். தார்ச்சாலையிலிருந்து கரடுமுரடான பாதையில் குலுங்கிக் குலுங்கி அரைமணி நேரம். கைப்பேசியில் சிக்னல் போய்விட்டது. உருண்டைக் கற்கள் பரப்பிய படுகையில் கவசமும் கொம்பு வைத்த தலைக்கவசமும் அணிந்த ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். அரபு மலைக்கு நடுவில் பழைய காலத்து ஜப்பான். ஒரு கணம் நான் வேனைவிட்டு இறங்கவே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் மிகா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும், ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். கதையையும் அவள்தான் சொன்னாள். பட்டு வணிகர்களுக்குக் காவலாக மேற்கே வந்த சாமுராய்க் கூட்டம் ஒன்று பாலைமலையில் தங்களுக்குள்ளேயே சண்டையிட்டு அழிகிறது. தோற்ற தலைவனைக் கையைக் கட்டி, குதிரைக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போகிறார்கள். அந்தக் காட்சிதான் அன்று.

தலைவனாக நடித்தவர் கென்ஜி. நாற்பது வயதிருக்கும். அவர் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லையாம். என்னைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அவரைக் கட்டி இழுத்துப்போகும் குதிரையில் அயாகோ என்ற நடிகை. இயக்குநர் தெராமோதோ எழுபதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தொப்பி. ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பேசாமலே எல்லாரையும் ஆட்டிவைத்தார். அவர் விரலைத் தூக்கினால் ஐம்பது பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

வாள்களைத் தொட்டுப் பார்த்தேன். மூங்கிலில் வெள்ளித் தாள் ஒட்டியது, சிலது அலுமினியம். வெண்ணெய்கூட வெட்டாது. நிம்மதியாக இருந்தது. கயிறு மட்டும் நிஜம். தடித்த சணல் கயிறு. பொய்க்கயிற்றால் கட்டினால் நடை பொய்யாக வரும் என்று பெரியவர் தெராமோதோ சொல்லிவிட்டாராம். கென்ஜியின் மணிக்கட்டில் அதற்குள்ளேயே சிவந்திருந்தது. மருந்து தடவித் துணி சுற்றிவிட்டேன்.

மதியத்துக்கு முன் ஒரு லேண்ட் குரூசர் வந்து கரையில் நின்றது. அந்த மலைக்காரர் ஒருவர், கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை கந்தூரா அங்கி. கையை வடக்கே நீட்டி, "மத்தர்! வாதி! யல்லா, யல்லா!" என்றார். மழை, கிளம்புங்கள் என்கிறார். எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழவில்லை. ஆனால் தூரத்து முகடுகள் கறுத்திருந்தன. மேகத்தின் ஓரத்தால் வெளிச்சம் சாய்ந்து வந்து, படுகை முழுவதும் வெள்ளி பூசினதுபோல இருந்தது.

பெரியவர் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரலைத் தூக்கினார்.

"ஒரே ஒரு ஷாட்டாம்" என்றாள் மிகா. அவள் குரலும் சரியாக இல்லை. "இந்த வெளிச்சத்துக்காகத்தான் ஒரு வாரமா காத்திருந்தார்."

முருகேசன் அண்ணன் வேனைத் திருப்பி, மூக்கை மேட்டைப் பார்த்து நிறுத்தினார்.

குதிரை நடந்தது. அதன் பின்னால், முன்புறம் கட்டிய கையோடு கென்ஜி. இரண்டு பக்கமும் சாமுராய்கள். கேமரா கரைமேல் ஓடிக்கொண்டிருந்தது. படுகையின் பாதியைத் தாண்டியிருப்பார்கள், முதலில் குதிரைதான் நின்றது. காதை விறைத்துக்கொண்டு படுகையின் மேற்புற வளைவைப் பார்த்தது. அப்போது எனக்கும் கேட்டது. கல் லாரி ஒன்று ஜல்லியைக் கொட்டுகிற சத்தம். அது நிற்கவில்லை.

"பானி! பானி!" என்று பலூச்சிஸ்தானத்துக் குதிரைக்காரர் உருதுவில் கத்தினார்.

வளைவில் திரும்பி வந்தது தண்ணீர் என்று சொல்ல முடியாது. சேறும் கல்லும் முள்மரங்களும் சேர்ந்து உருண்டு வந்த பழுப்பு நிறச் சுவர். உயரம் அதிகமில்லை, முழங்காலளவு. ஆனால் அதன் பின்னால் இன்னும் இன்னும் வந்தது. எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். குதிரை மிரண்டு எதிர்க்கரையில் தாவி ஏறியது. அயாகோ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். சேணத்தில் கட்டியிருந்த கயிறு பிய்த்துக்கொண்டு போனது. கென்ஜி விழுந்தார். வெள்ளம் இழுத்துப்போன கயிற்றின் மறுமுனை எங்கள் கரைக்குப் பக்கத்தில் ஒரு முள்மரத்தின் அடிக்கட்டையில் சுற்றி இறுகிவிட்டது.

கை இரண்டும் முன்னால் நீண்டிருக்க, வெள்ளம் அவரைப் பின்னால் இழுத்தது. தலை தெரியும், மறையும், மறுபடி தெரியும். கவசம் தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது. தலை மேலே வந்த ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தையைக் கத்தினார். ஒகாசான், ஒகாசான். எனக்கு அர்த்தம் தெரியாது.

"வெட்டுங்க! எதையாவது வச்சு வெட்டுங்க!" என்று முருகேசன் அண்ணன் தமிழிலேயே அலறினார். ஐம்பது பேர் கையிலும் இடுப்பிலும் வாள். ஒருவன் ஓடிவந்து ஓங்கி வெட்டினான். மூங்கில் இரண்டாகப் பிளந்தது.

என் பையில் கட்டு வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்தது நினைவிருக்கிறது. இறங்கினது நினைவில் இல்லை. முட்டத்துக்குப் பக்கத்தில் கடற்கரையில் பிறந்தவள் நான். ஆனால் நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் பெண்கள் கடலில் இறங்குவதில்லை. தண்ணீர் இடுப்பில் மோதியபோது ஐஸைப்போல இருந்தது. அடிக்கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கற்கள் காலில் மோதிப் போயின.

"சிஸ்டர், அப்படியே அறுத்துவிட்டா ஆள் போயிருவாரு! அவரைப் பிடிக்க ஆள் வரட்டும்!" என்று மேலிருந்து அண்ணனின் குரல்.

திரும்பிப் பார்த்தேன். வேனை இழுக்க வைத்திருந்த நைலான் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியவர் இயக்குநர். மறுமுனையை அண்ணனும் லைட்காரர்களும் பிடித்திருந்தார்கள். பெரியவரின் தொப்பி போய்விட்டது. வெள்ளை முடி முகத்தில் ஒட்டிக்கிடந்தது. என்னைத் தாண்டிப்போய் கென்ஜியின் தோள்கவசத்தில் இரண்டு கையையும் நுழைத்துக்கொண்டு எனக்குத் தலையாட்டினார்.

சணல் ஈரத்தில் இரும்பாகிவிட்டது. ஒரே வெட்டில் போகவில்லை. ஒவ்வொரு புரியாக அறுத்தேன். "மாதாவே, மாதாவே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அறுத்தேன். கடைசிப் புரி தானாகவே தெறித்தது. இருவரும் ஒரு கணம் தண்ணீருக்குள் முழுசாக மறைந்தார்கள். பட்டை விறைத்தது. மேலே அத்தனை பேரும் மல்லாந்து விழுந்தார்கள். பிறகு கரையோரம் இரண்டு தலைகள். என்னை யார் மேலே தூக்கினார்கள் என்று இன்றும் தெரியாது.

கென்ஜியை ஒருக்களித்துக் கிடத்தி வாயிலிருந்த தண்ணீரை வடித்தேன். இருமினார். பிறகு நடுங்க ஆரம்பித்தார். கம்பளம் சுற்றி வேனில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி இருக்கும் புஜைராவுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். அண்ணன் ஓட்டியதைப்போல யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. இயக்குநரும் கூடவே வந்தார், சேறு சொட்டச் சொட்ட. வழி முழுவதும் கென்ஜியின் கால்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வார்த்தை அது, அவர் கத்தினது?" என்று முன் சீட்டிலிருந்த மிகாவிடம் கேட்டேன்.

"அம்மா" என்றாள்.

புஜைரா ஆஸ்பத்திரியில் அன்றிரவு அவரை வைத்துக்கொண்டார்கள். இரண்டு மணிக்கட்டிலும் தோல் உரிந்திருந்தது, ஒரு விலா எலும்பில் விரிசல். மற்றவர்களுக்கு வெறும் சிராய்ப்புகள். குதிரையும் அயாகோவும் பத்திரம். தயாரிப்பு ஆள் ஒருவர் வந்து ஏதோ வேகமாகச் சொன்னார். கேமரா நிற்காமல் ஓடியிருக்கிறதாம். எல்லாம் பதிவாகியிருக்கிறதாம். பெரியவர் எழுந்து நின்று இரண்டே வார்த்தை சொன்னார். அந்த ஆள் முகம் செத்துப்போய் வெளியே போனார்.

"அந்தச் சுருளை அழிக்கச் சொல்லிட்டார்" என்றாள் மிகா.

பிறகு பெரியவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். நெடுநேரம் எழவில்லை. கென்ஜி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். நான் வெளியே வந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, புஜைராவுக்கு வெளியே சமவெளியில் அதே காட்சியை மறுபடி எடுத்தார்கள். என்னையும் இருக்கச் சொன்னார்கள். மேகமே இல்லை. கயிற்றைக் கொண்டுவந்ததும் கென்ஜி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நீட்ட முடியவில்லை. இரண்டு முறை முயன்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவந்து தன் கையை நீட்டினார். கட்டச் சொன்னார். குதிரைக்குப் பின்னால் அந்தக் கல்தரையில் தள்ளாடித் தள்ளாடிக் கடைசிவரை நடந்து, திரும்பியும் வந்தார். மூச்சிரைக்க கென்ஜியிடம் ஏதோ கேட்டார்.

"இன்னும் பயமா இருக்கான்னு கேட்கிறார்" என்று மிகா என் காதில் சொன்னாள். "இருக்குன்னார். அப்போ அதோடயே நட, மறைக்காதேன்னு சொல்றார்."

கென்ஜி கையை நீட்டினார். இந்த முறை கட்டியது பஞ்சுக்கயிறு, இழுத்தால் அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. ஆனாலும் அவர் நடந்த நடை பொய்யாக இல்லை.

மறுநாள் துபாய்க்குத் திரும்பினோம். வாதிக்குக் கிளைப்பாதை பிரியும் இடத்தில் நான் கேட்காமலேயே அண்ணன் வண்டியைத் திருப்பினார். வாதி காய்ந்து கிடந்தது. வெயிலில் கற்கள் வெளுத்திருந்தன. அந்த முள்மரத்துக்குப் பத்தடி தள்ளி, படுகையின் நடுவில், பாய் விரித்து ஒரு குடும்பம். எகிப்துக்காரர்களோ சிரியாக்காரர்களோ. அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது, குழந்தைகள் பந்து விளையாடின.

அண்ணன் ஹாரனை விடாமல் அடித்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள்.

"சொன்னா நம்ப மாட்டாங்க சிஸ்டர். வானம் சுத்தமா இருக்கு."

"இருந்தாலும் சொல்லிட்டு வரேன் அண்ணே."

இறங்கினேன். எனக்குத் தெரிந்த நாலு அரபு வார்த்தைகளை வைத்துக்கொண்டு, கையால் மலையைக் காட்டிக்காட்டிச் சொன்னேன். அந்த அம்மா என்ன புரிந்துகொண்டாளோ, என் தோளைத் தட்டி ஒரு கிளாஸ் டீயை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. வெள்ளம் வந்த மேற்புற வளைவைப் பார்த்தபடி நின்றுகொண்டே குடித்து முடித்தேன்.