மயிலின் பத்து இறகுகள்

என் தாய்மாமனை நான் நான்கு மாதம் வெறுத்தேன். ஒன்பது வயதுச் சிறுமியின் வெறுப்புதானே என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். அவர் தலையில் இடி விழவேண்டும் என்று தினமும் விளக்கின் முன் நின்று கேட்டுக்கொண்டேன். முருகனின் வாகனத்தின் இறக்கையை அவர் துணி வெட்டும் கத்தரியால் வெட்டிவிட்டார்.

பதுளைக் கடைத்தெருவில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. அம்மாவின் அண்ணனான மாமாதான் அங்கே துணி அளந்து கிழிப்பவர். எனக்கு ஆறு வயதில் விஷக்காய்ச்சல் வந்து, இனிப் பிழைக்கமாட்டாள் என்று எல்லோரும் கைவிட்டபோது, மொனராகலைப் பக்கத்து வண்டிக்காரர் தந்த ஒரு மயில்குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா வேண்டிக்கொண்டாளாம். பிள்ளை பிழைத்தால், குஞ்சுக்குத் தோகை நிறைந்த வருஷத்து ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்துபோய், சன்னதியில் தன் கையாலேயே அதைப் பறக்கவிடுவதாக. நான் பிழைத்துக்கொண்டேன். மூன்றாம் வருஷம் மயிலுக்குத் தோகை நிறைந்தது.

அந்த ஆடியில் அம்மாவுக்கு ஏழாம் மாதம். எனக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. கதிர்காமமோ, பசறை வழியாக இறங்கி மொனராகலை தாண்டி, காய்ச்சல் காட்டுக்குள் நாள்கணக்கில் நடக்கிற தூரம். அடுத்த வருஷம் போகலாம் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சாமிக்குக் கொடுத்த வாக்கைத் தள்ளிப்போடச் சொல்லும் தைரியம் அப்பாவுக்கு இல்லை. எனக்கு வேறு பயம். அம்மா போகாவிட்டால் அந்தப் பழைய விஷக்காய்ச்சல் என்னைத் தேடி வந்துவிடுமே.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போதுதான் அது நடந்தது. கொல்லையில் பத்து செம்பழுப்பு இறகுகள் சிதறிக் கிடந்தன. பக்கத்தில் மாமா கத்தரியோடு நின்றார்.

"தோகையத் தொடலியே, தங்கச்சி. உள்ள இருக்கிற அழுக்கு எறகுதானே. கூடையில அடைக்க வசதியா இருக்கும்னு வெட்டினேன்" என்றார் அம்மாவிடம்.

அம்மா மயிலைத் தூக்கி மேலே விட்டுப் பார்த்தாள். அது இடது பக்கம் சரிந்து மண்ணில் விழுந்தது. பறக்காத மயிலைக் கொண்டுபோய் எப்படிப் பறக்கவிடுவது? கட்டிவைத்திருந்த மூட்டையை அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அன்றிலிருந்து மாமாவோடு அவள் பேசவில்லை.

அப்பா அந்த இறகுகளைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சரிடம் போனார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துத் துரைமார் சுடுகிற பறவைகளுக்குப் பஞ்சு அடைத்துக் கொடுப்பவர். இறகுகளை அவர் மேசைமேல் வரிசையாக அடுக்கியபோதுதான் நான் அவற்றை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். ஒவ்வொன்றிலும் தண்டின் ஒரு பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் அகன்றிருந்தது. ஒன்றை என்னிடம் தந்து வீசிப் பார்க்கச் சொன்னார். வீசினேன். காற்று என் கையைப் பிடித்துத் தூக்கியது.

இவற்றுக்குப் புத்தகத்தில் 'ரெமிஜெஸ்' என்று பெயர், லத்தீனில் துடுப்பு வலிப்பவர்கள் என்று பொருள் என்றார். தோகை வெறும் சோடனையாம். மயிலைத் தூக்கிக்கொண்டு போவது இந்த அழுக்கு நிற இறகுகள்தானாம். மூன்று வருஷமாக நாங்கள் தோகையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்ப முளைக்குமா என்று அப்பா கேட்டார்.

"ஐப்பசிக்குள்ள அடித்தண்டு விழுந்து புதுசு வந்திடும். உங்கட மச்சானுக்கும் இதைத்தானே சொன்னனான். எதை வெட்டினால் பறக்காது, வெட்டினது பிறகு முளைக்குமோ எண்டு போன கிழமை வந்து கேட்டவர்."

அப்பா இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி தாளில் சுற்றினார். திரும்பும் வழியில் எனக்குக் கற்கண்டு வாங்கித் தந்து, டிஸ்பென்சர் பேசியதை வீட்டில் சொல்லவேண்டாம் என்றார். கற்கண்டு கிடைத்த மகிழ்ச்சியில் நான் ஏன் என்று கேட்கவில்லை.

ஆவணியில் மயிலின் தோகை முழுவதும் உதிர்ந்துபோயிற்று. புரட்டாசியில் தங்கை பிறந்தாள். வீடே அதிரும்படி கத்தினாள், தங்கினாள். எனக்கும் காய்ச்சல் வரவில்லை.

ஐப்பசியில் மழைவிட்ட ஒரு காலை. அம்மா தங்கையை இளவெயிலில் காட்டிக்கொண்டிருந்தாள். பெட்டைமயில் மாதிரி மொட்டையாகத் திரிந்த எங்கள் மயில் கொல்லைச் சுவரில் ஏறி இறக்கைகளை விரித்தது. இரண்டு பக்கமும் பத்துப் பத்தாக, செம்பு நிறத்தில். வெயில் அவற்றின் ஊடாகத் தெரிந்தது. பிறகு அது எழும்பியது. அவ்வளவு பெரிய உடம்பு, தோகையின் உதவி ஒன்றுமே இல்லாமல், கடைத்தெருக் கூரைகளைத் தாண்டி, பசறை ரோட்டு மலையைப் பார்த்துப் போயிற்று. எவ்வளவோ பார்த்துவிட்டேன், அதைப்போல் இன்னொன்றைப் பார்த்ததில்லை.

"அவனே வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்றாள் அம்மா. கைக்குழந்தையோடு கும்பிட முடியாமல் திரும்பிப் பார்த்தாள். பின்வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"புடிங்க அண்ணே" என்று தங்கையை நீட்டினாள். நான்கு மாதத்தில் அதுதான் முதல் பேச்சு. மாமா வேட்டியில் இரண்டு தடவை கையைத் துடைத்துக்கொண்ட பிறகே குழந்தையை வாங்கினார்.

சாப்பாட்டுப் பிரியரான மாமா அதற்குப் பிறகு மாதாமாதம் முருகனுக்குரிய கார்த்திகை நாளில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தார். நாங்கள் கேலி செய்வோம். கதிர்காமத்துக்கு மட்டும் அவர் கடைசிவரை போகவில்லை. கூப்பிட்டால் கால் வலிக்கிறது என்பார். தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு தினமும் ஆற்றங்கரைவரை நடக்கிற கால், அங்கே போக மட்டும் ஏன் வலிக்கிறது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.