கைப்பிடிக்குள் இருந்த சீட்டு

நாற்பது வயதில் நான் வாங்கிய கியர் சைக்கிளில் எல்லாம் சரியாக இருந்தது, ஹேண்டில்பாரைத் தவிர. அது குறுகலாகவும் தாழ்வாகவும் இருந்தது. தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை மிதித்துத் திரும்பினால் மணிக்கட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். அலுவலகத்தில் கீபோர்டைத் தொட முடியாது.

குரோம்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்காரர் என்னைச் சீட்டில் உட்கார வைத்து, தோளிலிருந்து தோளுக்கு டேப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார், இவ்ளோ அகலமான ஆளுக்கு இத்தினிகாண்டு பார் போட்டுக் குடுத்துக்கீறாங்க? உனக்கு நாலு இஞ்ச் கூட வோணும். நடுவுல ரெண்டு விரக்கடை மேல தூக்கினு இருக்கணும்."

இரும்பில் ஒன்று காட்டினார். கனமாக இருந்தது. புது அலுமினியம் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார். கடைசியில் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய கறுப்பு அலுமினிய பாரை எடுத்துத் துடைத்தார். யாரோ வேறு மாற்றிக்கொண்டு போட்டுவிட்டுப் போனது. வலது பக்கம் நீளமாக ஒரு கீறல். பிடித்துப் பார்த்தேன், எனக்காகவே வளைத்தது போல் இருந்தது. அது பங்குனி மாதம். அதன்பின் ஆறு மாதம் மணிக்கட்டை நான் நினைக்கவே இல்லை.

ஆறாவது மாதத்தில் பாருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கும்போது காய்ந்த இலை நகர்வது போல ஒரு சரசரப்பு. பூச்சி ஏதாவது புகுந்திருக்கும் என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கிளம்புவதற்கு முன், இடது கைப்பிடி ரப்பரைக் கழற்றினேன். குழாய்க்குள் சுருட்டிய ஒரு சீட்டு இருந்தது. நீல மையில், பெண் கையெழுத்து.

'இவருக்கு ஏதாவது ஆனால் இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும்.' கீழே ஒரு தொலைபேசி எண்.

பாரின் பழைய உரிமையாளருடையது, கிடைத்ததைச் சொல்லிவிடுவோம் என்றுதான் செல்போனை எடுத்தேன். மணி ஆறே முக்கால்.

"மேடம், ஒரு சைக்கிள் ஹேண்டில்பாருக்குள்ள உங்க நம்பர் எழுதின பேப்பர் இருந்தது..."

"எங்க? எங்க விழுந்து கெடக்கறார்?"

"ஐயோ, யாரும் விழல மேடம். இது நான் பழசா வாங்கின பார்..."

"அஞ்சரைக்கே கெளம்பினார். கோவிலம்பாக்கம் பக்கம்தான் போவார். ஏரிக்கரையா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் யாரையோ கூப்பிட்டு அலறுவது கேட்டது. தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. அன்று நான் சைக்கிளைத் தொடவில்லை.

மாலையில் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"காலைல பேசினது நீங்கதானே? அவர் ஏரிக்கரையிலதான் கெடந்தார். புதர் மறைவுல. நெஞ்சு வலி. என் தம்பி வண்டியில போய்த் தூக்கிட்டு வந்தான். பொழச்சுக்கிட்டார். நீங்க அப்ப அங்க இருந்தீங்களா?"

"இல்ல மேடம். நான் தாம்பரத்துல, என் வீட்ல இருந்தேன்."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. அதனால் இரண்டு வாரம் கழித்து, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதே சைக்கிளில் அஸ்தினாபுரத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். கணவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது பக்கக் கீறலைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னோட பார்தான் சார். போன வருஷம் மாத்தினேன். கேட்ல இடிச்சு நான் போட்ட கோடு இது."

எனக்கு மூச்சு வந்தது. சீட்டை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"என் எழுத்துதான். ஆனா இதை நான் போன மாசம்தான் எழுதினேன். இவருக்குத் தலை சுத்தல் வந்தப்ப. இவருக்குத் தெரியாம புது பார்லதான் வெச்சேன்."

போன மாதம் அந்தப் பழைய பார் என் வீட்டில், பூட்டிய கிரில் கதவுக்குப் பின்னால் இருந்தது.

அந்த அம்மாவின் தம்பி, வராந்தாவில் நின்ற கணவருடைய சைக்கிளின் இரண்டு கைப்பிடிகளையும் உருவினார். டார்ச் அடித்துக் குழாயின் இந்த முனையிலும் அந்த முனையிலும் பார்த்தோம். உள்ளே ஒன்றுமில்லை. அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

கணவர் அதன்பின் சைக்கிள் ஓட்டவில்லை. தினமும் காலையில் நடக்கப் போவார். அவர் வீட்டைவிட்டு இறங்கிய சற்று நேரத்தில் என் செல்போன் ஒலிக்கும்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க சைக்கிள்ல ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்ல மேடம்" என்பேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன், படியிறங்கிப் போய், பாரை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். மகளோடு இருக்க அவர்கள் கோயம்புத்தூருக்குக் குடிபோகும்வரை, ஏறக்குறைய ஒன்றரை வருடம், இது நடந்தது.