ஆறாவது விரல்

என் மகன் ஒரு கையில் ஆறு விரலோடு பிறந்தான். "உன் வம்சத்துச் சாபம்டி" என்று ஏசி ஏசியே, மாமியார் என்னை நமுனுகுலைக்கு, அம்மா வீட்டுக்கே துரத்தப் பார்த்தார். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கருவில் விரல் முளைப்பதை ஆராய்கிற பல்கலைக்கழக மாணவன் ஒருவன் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தான். மாட்டைப் பார்ப்பதுபோல் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு மாமியாரின் சுண்டுவிரல் ஓரத்திலிருந்த சின்ன மேட்டைக் காட்டி, "இதுவும் ஆறாவது விரல்தானேம்மா? பொறந்தப்பவே நூல் கட்டி விழவச்சிருக்காங்க. இது பரம்பரையா வர்றது" என்றான்.

"வெளிய போடா நாயே!" என்று மாமியார் கையை முந்தானைக்குள் மறைத்தார்.

அவன் போனதும் நூல்கண்டோடு வந்தார். "புள்ளையக் கொடுடி, கட்டிவிடுறேன்."

"வேணாம். அந்த விரல் இருக்கட்டும்" என்றேன். பிள்ளையை நான் விடவில்லை.