வெளிக் கரண்ட் தொடாத பேட்டரி

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காயில்காரர் என்றால் போதும். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுபோய் அவர் பெஞ்சின் மேல் வைத்தால், கழற்றுவதற்கு முன்னால் முகர்ந்து பார்ப்பார். "ஓவர் லோடு", "தண்ணி இறங்கியிருக்கு" என்று மூக்காலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார். கருகிய கம்பியை வெட்டி இழுத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுத்தாரென்றால் அந்த மோட்டார் சீக்கிரத்தில் திரும்பி வராது. பிழைப்பு அப்படியே ஓடியது, தலையும் அப்படியே நரைத்தது.

மனைவியின் நுரையீரல் சுருங்க ஆரம்பித்ததும் கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். படுக்கையறையில் ஆக்ஸிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. காற்றை இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் பெட்டி. கரண்ட் இருந்தால் ஓடும், போனால் கத்தும். அந்த ஊரில் கரண்ட் போவதற்கு மழை, காற்று என்று எந்தச் சாக்கும் தேவையில்லை. அதற்காக இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி முன்னறையில் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் கரண்ட் போய், சாயங்காலம் வரைக்கும் வரவேயில்லை. பேட்டரியும் தீர்ந்தது. மனைவியின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்க, காயில்காரர் செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடி ஒரு வண்டியைப் பிடித்து வந்தார். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவருக்குள் ஏதோ ஒன்று அன்றைக்கு முறிந்துவிட்டது. இனிமேல் இவள் மூச்சு கரண்ட் ஆபீஸ்காரன் கையில் இருக்கக் கூடாது என்று முடிவு பண்ணினார். அந்த முடிவில் ஒரு தப்பும் இல்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு.

மனைவி தூங்கும் நேரத்தில் போனில் வீடியோ பார்ப்பார். யாரோ ஒரு ஆள் சைக்கிள் சக்கரத்தில் காந்தம் ஒட்டிச் சுழலவிட்டு, பேட்டரி தீரவே தீராது என்று சத்தியம் பண்ணினான். குளிர் மின்சாரம், வெற்றிட ஆற்றல், மிகுமின் என்று அவன் அள்ளிவிட்ட வார்த்தைகளில் முக்கால்வாசி இவருக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. காயிலில் ஓடும் கரண்ட்டைத் திடீரென்று நிறுத்தினால் ஒரு உதை வரும் என்றான் அவன். அந்த உதையை வாழ்நாள் முழுக்க விரலில் வாங்கியவர் இவர். அதைப் பிடித்துத் திருப்பி பேட்டரிக்குள் விட்டால் போதும் என்றதும் மனிதர் விழுந்துவிட்டார்.

மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். அக்காவைப் பார்க்க வந்தவர் முன்னறையில் மாமா செய்து வைத்திருந்த காந்தச் சக்கரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாமா, அந்த உதை எங்கிருந்தோ வர்றதில்ல. நீங்க காயிலுக்குள்ள போட்டதுதான் திரும்பி வருது. அதுவும் முழுசா வராது."

"நான் போட்டது பன்னெண்டு வோல்ட். வர்றது நூத்துக்கணக்குல. மீட்டரைப் பாரு."

"வோல்ட்டை வெச்சு ஆற்றலை அளக்க முடியாது மாமா. அது கண்ணிமைக்கிற நேரம் வந்துட்டுப் போயிடும். வோல்ட்டு வேற, திறன் வேற, ஆற்றல் வேற. எல்லாத்தையும் ஒண்ணாக் குழப்பி குளிர் மின்சாரம்னு ஒரு பேரை ஒட்டிட்டா ஆச்சா? அப்படி ஒண்ணு பௌதிகத்துலயே கிடையாது."

"உன் புஸ்தகத்துல இல்லைன்னு சொல்லு. வெற்றிடத்துல ஆற்றல் இருக்குன்னு உங்க ஆளுங்களே ஒத்துக்கிறாங்கல்ல?"

"அது இருக்கு. அதை எடுத்து பேட்டரியில அடைக்க முடியாது. அவங்க சொல்றது ஒண்ணு, இவன் அந்தப் பேரை வெச்சு விக்கிறது ஒண்ணு."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் மெல்ல வந்தது. "குழந்தையே இன்னும் பொறக்கல, அதுக்குள்ள பேர் வைக்கிறதுக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்களே." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சண்டையை விட்டுவிட்டு இருவரும் உள்ளே ஓடினார்கள்.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் காயில்காரர் தன் பரீட்சையைத் தொடங்கினார். பரீட்சை என்றால் சுத்தமாக இருக்க வேண்டுமாம். வெளிக் கரண்ட் ஒரு சொட்டுக்கூட பேட்டரியைத் தொடக் கூடாது. அதனால் இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் போகும் வழியைத் துண்டித்தார். கடையிலிருந்து வந்த பழைய சார்ஜரை ஒரு பெட்டியில் போட்டு மனைவியின் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இனி பேட்டரி சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் பேட்டரியை நிரப்பும், கரண்ட் போனால் அதே பேட்டரி மெஷினை ஓட்டும். வாத்தியார் கெஞ்சினார்.

"பரீட்சையை வேற பேட்டரியில வெச்சுக்குங்க மாமா. இது அக்கா உயிரு."

"அவ உயிருக்காகத்தான்டா பண்றேன்."

"அக்கா, நீயாவது சொல்லு."

அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். "அவர் எனக்குன்னு பண்றாரு. பண்ணட்டும்டா" என்றாள். வாத்தியார் கோபித்துக்கொண்டு போனவர், பிறகு அக்காவிடம் போனில் பேசுவதோடு நிறுத்திக்கொண்டார்.

முதல் சில நாட்கள் சக்கரம் ஓடியது. பிறகு தளர்ந்தது. காயில்காரர் சோறு இறங்காமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கம்பியை மாற்றிச் சுற்றினார், காந்தத்தைத் தள்ளி வைத்தார். ஒரு சாயங்காலம் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், சக்கரம் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்தார், பேட்டரி நிறைந்திருந்தது. தலைகால் புரியவில்லை அவருக்கு. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டோம்மா" என்றார். அவள் பதில் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

அதற்குப் பிறகு சக்கரம் நிற்கவேயில்லை. கரண்ட் எத்தனை முறை போனாலும் மெஷின் ஓடியது. மறுநாள் பார்த்தால் பேட்டரி நிறைந்திருக்கும். மனைவிக்குத்தான் மூச்சிரைப்பு கூடிக்கொண்டே போயிற்று. முக்கியமாக சாயங்காலம், அவர் வெளியே போய்விட்டு வரும் நேரத்தில். வியாதி முற்றுகிறது என்று பயந்து, இதைவிடப் பெரிய சக்கரத்துக்குக் காந்தம் தேடி இன்னும் தூரமாக அலைந்தார் அவர்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகும் முன்னறையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு இப்போது அது ஒன்றுதான் துணை. பக்கத்துத் தெருவில் கல்யாணமாகிப் போயிருந்த மகள் அடிக்கடி வந்து சமைத்து வைத்துவிட்டுப் போனாள். ஒருநாள் அவள் இருக்கும்போதே எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். அவருடைய அப்பாவுக்கும் அதே மாதிரி மெஷின் வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"அண்ணே, உங்க சக்கரத்தை எங்கப்பாவுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க. இன்வெர்ட்டர், சார்ஜர்னு எதுவும் வாங்கல, உங்களை நம்பித்தான் இருக்கேன்."

"பண்ணிடலாம். அவளுக்கு ஓடினது உங்கப்பாவுக்கு ஓடாதா" என்றார் காயில்காரர். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு களை வந்தது. வாசல்படியில் நின்ற மகள் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுவாரம் சக்கரம் நின்றது.

அவர் பதறவில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தார். மகள் வந்தபோது அவளிடம் பொறுமையாக விளக்கினார். "காயில்ல கோளாறு இல்ல, காந்தமும் போகல. வீடியோவுல சொல்றான், சுத்துப்புறத்து ஆற்றல்னு. இந்த வீட்டுல அது இருந்துச்சும்மா. அவ இருந்தவரைக்கும் இருந்துச்சு. அவளோட போயிடுச்சு. உன் மாமா கேட்டா சிரிப்பான்."

மகள் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை இழுத்து வந்து அவர் காலடியில் வைத்துத் திறந்தாள். சார்ஜர் தூசி இல்லாமல் இருந்தது.

"அம்மாதான் போட்டுக்கிட்டிருந்தாங்க, அப்பா. நீங்க வெளிய போனதும் மாட்டுவாங்க, வர்றதுக்குள்ள கழட்டிடுவாங்க. ஆஸ்பத்திரியிலதான் எங்கிட்ட சொன்னாங்க. சக்கரம் நின்னா அவரு மனசும் நின்னுடும், நீ பாத்துக்கோன்னாங்க. இத்தனை நாளா நான்தான் போட்டேன். தையல்காரர் அவங்கப்பாவை நம்மள நம்பி விடப்போறாரு. அதான் நிறுத்திட்டேன்."

காயில்காரர் குனிந்து பேட்டரியைப் பார்த்தார். ஈய முனையின் இரண்டு பக்கத்திலும் சார்ஜர் கிளிப்பின் பல் பதிந்த தடம், ஒன்றின் மேல் ஒன்றாக. ஊரார் மோட்டாரையெல்லாம் முகர்ந்தே கண்டுபிடித்தவர் இதைத் தினமும் துடைத்திருக்கிறார், தினமும் மீட்டர் வைத்திருக்கிறார். அடுத்தவன் பேட்டரியாக இருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்.

"எப்படிம்மா வந்தா?" என்றார்.

"என்னப்பா?"

"குழாய் இங்க வரைக்கும் எட்டாதே."

அவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். மெஷினின் மேல் சுருட்டி வைத்திருந்த குழாயை எடுத்து, ஒரு முனை மெஷினில் இருக்க, இழுத்துக்கொண்டே வந்தார். படுக்கையறை நிலைப்படியில் அது விறைத்து நின்றுவிட்டது. அங்கிருந்து முன்னறை முழுவதையும் கடந்தால்தான் பேட்டரி.

அதன் முனையை அங்கேயே தரையில் வைத்தார். வாயை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவியபடி நடந்தார், அவள் எப்படி நடந்திருப்பாளோ அவ்வளவு மெதுவாக. பேட்டரியிடம் குனிந்து கிளிப்பை மாட்டினார், ஒன்று, இன்னொன்று. திரும்பி வரும்போது பாதி அறையிலேயே மூச்சு உடைந்துவிட்டது. நுரையீரலில் ஒரு குறையும் இல்லாத மனிதர், சுவரில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

"மாட்ட ஒரு தடவை. கழட்ட ஒரு தடவை" என்றார். "நான் வந்து பாக்கும்போது மூச்சு வாங்கும் அவளுக்கு. வியாதி முத்துதுன்னு நினைச்சேன். சக்கரத்தைப் பெருசு பண்ணணும்னு நினைச்சேன்." பிறகு கேட்டார். "அதனாலதான் போனாளா?"

"இல்லப்பா. டாக்டர் அப்படிச் சொல்லல."

"டாக்டருக்கு இது தெரியுமா?"

அவர் தரையில் அப்படியே உட்கார்ந்து, கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவள் செத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே சார்ஜரை மாட்டியிருப்பார். மாட்டியிருப்பாரா என்று யோசித்தபோது, நிச்சயமாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் காலையில் மச்சானுக்குப் போன் பண்ணினார். "நீ சொன்னதுதான் சரி. வந்து ஒரு கை பிடி" என்றார். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்த வாத்தியாருக்குச் சண்டையில் ஜெயித்த முகமே இல்லை. இருவரும் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்கள். துண்டித்த வழியைக் காயில்காரர் தன் கையாலேயே மறுபடி சேர்த்தார். சார்ஜரையும் மாட்டிக் காட்டிக் கொடுத்தார்.

"இன்வெர்ட்டரே இதை நிரப்பிக்கும். அது மக்கர் பண்ணினா இந்த சார்ஜரை மாட்டு. கரண்ட் ஆபீஸ் கரண்ட்தான், வேற ஒண்ணும் கிடையாது. ராத்திரி பகல்னு பாக்காத, பேட்டரி எப்பவும் நிறைஞ்சிருக்கணும். அப்புறம், அப்பாவுக்கு நீளமான குழாயா வாங்கிக் குடு. வீடு முழுக்க எட்டணும்."

தையல்காரர் ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாமல் கேட்டார். "அப்போ அந்தச் சக்கரம் அண்ணே? நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சே."

"அதை ஓட்டிக்கிட்டிருந்தவ போயிட்டா" என்றார் காயில்காரர்.