மாமி வாய்விட்டு அழுத கடற்கரை

மாமா இறந்தபோது மாமி அழவில்லை. மாமி என்றால் என் கணவரின் அம்மா. பேகம்பூரில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் நான் என் அடுப்பைப் போய்ப் பார்ப்பேன். சத்தம் போட்டு அழக்கூடாது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். மாமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

கணவரை இழந்தவர் வெளியே போகாமல் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தார். அது முடிந்த பிறகும் வாசலைத் தாண்டவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு அதைவிடக் குறைந்தது. டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அதைக் கேட்டு எனக்குப் பயம்தான் கூடியது.

ஒருநாள் அவராகவே, "கடலப் பாக்கணும்" என்றார். "ஆளுக இல்லாத எடமா இருக்கணும்."

என் கணவருக்குத் தெரிந்த கருவாட்டு வியாபாரி ஒருவர் ராமநாதபுரத்துக்குத் தெற்கே ஓர் இடத்துக்கு வழி சொன்னார். எங்கள் கடையை அன்றைக்கு மூடிவிட்டு, விடியும் முன்பே மூவரும் காரில் கிளம்பிப் போனோம். தார்ரோடு முடிந்த இடத்தில் காரை நிறுத்தி, உடைமரங்களுக்கு நடுவே ஆடுகள் போன தடத்தில் நடந்தோம். கடை கிடையாது, கரண்ட் கம்பம் கிடையாது. மணலில் கவிழ்ந்து கிடந்த ஒரு வள்ளம், அதன் நிழலில் ஒரு நாய். அதுவும் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

"நான் அந்தப் பனமரத்துக்கிட்ட இருக்கேன். நீங்க போங்க" என்று என் கணவர் ஒதுங்கிப் போனார்.

மாமி புர்காவைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சேலையோடு தண்ணீரில் இறங்கினார்.

"மாமி, முழங்காலுக்கு மேல போகாதீங்க!"

அவர் இடுப்பளவுக்குப் போய் நின்றார். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ காலில் குத்திவிட்டது என்று நினைத்து, புர்காவை மணலில் போட்டுவிட்டு ஓடினேன். மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. என் கணவரும் பதறி ஓடிவந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் பாதிவழியிலேயே நின்றுவிட்டார்.

அலை தள்ளிவிடாமல் இருக்க மாமியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு புள்ள, அழுதுக்கிறேன். இங்க யாருக்குக் கேக்கப் போகுது?"

நான் விடவில்லை. அழுது அழுது குரல் கம்மிப்போய்த் தானாக ஓய்ந்தது. ஓர் அலை முகத்தில் அடிக்க, காறித் துப்பினார்.

"ச்சீ, வாயெல்லாம் உப்பு."

கரைக்கு வந்து ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, "பசிக்குதுடி. என்ன வெஞ்சனம் கொண்டாந்த?" என்றார்.

தேங்காய்ச் சோற்றையும் கறியையும் பிரித்து வைத்தேன். மாமி இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கணவர் சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் அங்கேயே இறங்கியது போலிருந்தது எனக்கு.

"ஒங்க மாமாவுக்குக் கடலுன்னா அம்புட்டுப் பயம்" என்றார் மாமி. "ஒருக்கா நாகூர் போனப்ப தண்ணிக்கிட்டயே வரல. கேட்டா, செருப்பு நனைஞ்சிருமாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மணல் சுடத் தொடங்கும்வரை மாமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.