பத்து நாள் கெடுவும் ஒரு சேலைக் கடையும்

போன வாரம் கூரியரில் ஒரு சேலை வந்தது. பிரித்தால் பிளாஸ்டிக் வாடை. கஞ்சி மணம் துளியும் இல்லை. மடிப்பும் கோணல். கை சும்மா இருக்குமா? உதறி, முந்தானை மேலே வரும்படி மடித்து வைத்தேன். தில்லி ஜனக்புரியிலேயே பிறந்து வளர்ந்த மகள் வாயைப் பிளந்தாள். "மம்மி, இவ்ளோ ஜல்தியா மடிக்க எங்க கத்துக்கிட்டே?"

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்போது எங்களுக்கு மோதி பாக்கில் அரசாங்கக் குடியிருப்பு. அப்பா மத்திய அரசு குமாஸ்தா. ஊரை விட்டு வந்து இருபது வருஷமாகியும் அவருக்குக் கோபம் மட்டும் திருநெல்வேலித் தமிழில்தான் வரும். குமாஸ்தா தேர்வில் தோற்ற கையோடு, கரோல் பாக் சேலைக் கடையில் வேலை கேட்கப் போகிறேன் என்றேன். வந்தது கோபம்.

"ஏட்டி, கடையில நின்னு சேலை உதறவா ஒன்னைய பி.ஏ. படிக்க வச்சேன்?"

கடைசியில் கெடு வைத்தார். பத்து நாள். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு மறுபடி தேர்வுக்குப் படிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் பழுப்பு அட்டையைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். கடையிலோ மயில் கழுத்து, மாம்பழம், மாதுளை, விடியற்கால வானம் எல்லாம் அலமாரியில் அடுக்கியிருந்தது.

அரசாங்க வீட்டுப் பெண் வேறு எப்படி வேலை கேட்பாள்? 'தங்கள் மேலான பரிசீலனைக்கு' என்று விண்ணப்பம் எழுதி, சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, காக்கி உறையில் கொண்டுபோய் நீட்டினேன். வெள்ளை மெத்தையில் சாய்ந்திருந்த கடை முதலாளி லாலா, முத்திரையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரி நோட்டீஸ் என்று நினைத்துவிட்டாராம்! விஷயம் தெரிந்ததும் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"அச்சா பேட்டி, கல் ஆனா." சரி மகளே, நாளைக்கு வா.

தில்லியில் அதற்கு வராதே என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? ஆனால் நான் அப்பாவின் அலுவலகத்தையும் பார்த்தவள். நாளைக்கு வா என்று அனுப்பப்பட்டவர்களில், மறுநாளும் வந்து நிற்பவரின் கோப்புதான் நகரும். போனேன். ஆறு நாள் போனேன். ஏழாம் நாள் லாலா அலுத்துப்போய், "கிராக்கியைக் கூட்டிவா, அப்புறம் பார்க்கலாம்" என்றார் இந்தியில்.

ஒன்பதாம் நாள் கூட்டிப்போனேன். எதிர்வீட்டு மதுரைக்கார அக்கா தலைமையில் ஐந்து பேர். இரண்டு மணி நேரம் கடையைக் கவிழ்த்தார்கள். "பையா, வோ நீலா, அந்த நீலம். அது இல்ல பையா, அதுக்குக் கீழ." எழுபது சேலையாவது விரிந்து கிடந்தது. வாங்கியது ஒரே ஒரு உள்பாவாடை.

லாலா வாசலைக் காட்டினார். "போ. இனி வராதே." 'நாளைக்கு', 'அப்புறம்' எதுவும் இல்லாமல் அவர் பேசியது அன்றுதான்.

"வாடி, மானம் போகுது" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

"உங்களாலதான் போச்சு. நீங்க போங்கக்கா."

செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் ஏறிச் சம்மணமிட்டேன். நான் கூட்டி வந்தவர்கள் கலைத்தது, மடித்து வைக்காமல் போகமாட்டேன் என்றேன். வீராப்பு சரி, மடிக்கத் தெரிய வேண்டாமா? முதல் சேலை தலையணை மாதிரி வந்தது. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த விற்பனையாளரின் கையைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன். பத்தாவது சேலையில் விரல் வழிக்கு வந்தது. பட்டின் குளிர்ச்சியும் கஞ்சியின் மொடமொடப்பும் உள்ளங்கையில் ஏறின. லாலா துரத்தவில்லை. கடைசிச் சேலையை அடுக்கியதும் ஒரு டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"கல் தஸ் பஜே. லேட் மத் கர்னா." நாளை பத்து மணி, தாமதிக்காதே.

கெடுவில் ஒரு நாள் மிச்சம். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மாவிடம் எரிந்து விழுந்தார். "அவளுக்குச் சாப்பாடு கட்டியாச்சா? பஸ்ஸு போயிரும்லா!"

அந்த லாலா இன்றில்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். எங்கள் குடியிருப்பையும் இடித்துவிட்டார்கள். போகட்டும், செங்கல்தானே. வேலை இல்லை என்று சொல்கிறவர்கள் இன்றும் நிறைய. அவர்கள் எதிரே ஏறி உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் இந்த ஊரில் ஒரு முழம் மெத்தை மிச்சமில்லை.