நிக்காத பொயிலர்

இடியப்பம் அவிச்சு விக்க வீட்டில ஒரு சின்ன ஸ்டீம் பொயிலர் வைச்சிருக்கிறன். தண்ணி குறைஞ்சால் தானா நிப்பாட்டுற சுவிட்ச் ஒண்டு அதில இருக்கு. ஒரு கிழமையா, தண்ணி நிறைய இருக்கேக்கையும் நிண்டு நிண்டு என்ர உயிரை எடுத்தது.

இண்டைக்கு உப்புவெளியில இருந்து திருத்துறவர் ஒருவர் வந்தார். நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ள வேலை முடிஞ்சுதாம்.

"இனி நிக்காது அக்கா."

அவ்வளவு கெதியாவோ? எனக்கு அப்பவே ஒரு மாதிரிக் கிடந்தது.

"தம்பி, கீழ்ப் பைப்பைத் திறந்து தண்ணியைக் குறைச்சுக் காட்டுங்கோ, அப்ப நிக்குதோ பாப்பம்."

"தேவையில்லை அக்கா, எல்லாம் நல்லா இருக்கு."

"நல்லா இருந்தால் காட்டுறதுக்கென்ன?"

வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டன். முணுமுணுத்துக்கொண்டு திறந்தார். தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாயில தண்ணி சிவப்புக் கோட்டுக்கும் கீழ இறங்கிட்டுது. பொயிலர் பாட்டுக்குக் கொதிக்குது! பாய்ஞ்சுபோய் மெயின் சுவிட்சை நிப்பாட்டினன்.

மூடியைக் கழட்டிப் பாத்தால், அந்தச் சுவிட்சை விட்டிட்டு ஒரு துண்டு வயரால நேராக் கரண்ட் குடுத்திருக்கிறார்.

"தண்ணி வத்தினால் வெடிக்குமே தம்பி! பக்கத்தில நிண்டு அவிக்கிறது நானெல்லோ!"

அவர் முகத்தைப் பாவமா வைச்சுக்கொண்டு சொன்னார்: "நிக்காமச் செய்து தாங்கோ எண்டு நீங்கள்தானே அக்கா ஃபோனில சொன்னீங்கள்?"

சொன்னனான்தான்.

வயரைக் கழட்டுவிச்சு ஆளை அனுப்பிட்டன். நாளைக்கு இடியப்பம் இல்லை, ஓடர் தந்தவை கோவிக்காதேங்கோ. நிக்கவேண்டிய நேரத்தில மட்டும் நிக்கிற மாதிரித் திருத்தத் தெரிஞ்ச ஆள் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.

இந்தமுறை தேத்தண்ணி, தண்ணியைக் குறைச்சுக் காட்டின பிறகுதான்.